வாயிலும் மேடையும்

தென்தில்லியில் வெளிவட்டச் சாலையை ஒட்டிக் கிடக்கும் முனிர்காவை இன்றும் கிராமம் என்றே சொல்லுகிறார்கள். சுற்றியிருந்த விளைநிலங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, ராமகிருஷ்ணபுரத்து உத்தியோகஸ்தர் குடியிருப்புகளும் தில்லி வளர்ச்சி ஆணையத்தின் (டி.டி.ஏ.) அடுக்குமாடி வீடுகளும் அங்கே எழுந்த பிறகு, பரம்பரையாக உழுதுண்டு வந்த ஜாட் குடும்பங்களிடம் எஞ்சி நின்றவை, ‘லால் டோரா’ எனப்படும் ஊரெல்லைக்குள் அடங்கிய மனைகள் மாத்திரமே. நகரத்தின் கட்டட விதிகள் நெடுங்காலம் எட்டாத அந்த எல்லைக்குள், எதிரெதிர் மாடிகளில் நிற்பவர்கள் கைநீட்டினால் தொட்டுக்கொள்ளக்கூடிய சந்துகளின் இருமருங்கும் நாலு மாடி, ஐந்து மாடி என்று வீடுகள் ஓங்கி, வாடகையே அக்குடும்பங்களின் விளைச்சலாக மாறிற்று. மணிப்பூரிலிருந்தும் நாகாலாந்திலிருந்தும், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும், கேரளத்திலிருந்தும் நம் தமிழ்நாட்டிலிருந்தும் படிக்கவும் பிழைக்கவும் வந்த இளைஞர்கள் அந்த மாடிகளில் குடியிருக்கிறார்கள். இவர்களில் கணிசமானோரை அங்கே இழுத்துவந்தது, 1969-இல் தொடங்கப்பெற்று, பின்னர் சாலைக்கு அப்பால் பாறையும் முட்புதரும் மண்டிய ஆரவல்லி மேட்டின்மேல் நிலைகொண்ட ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம்.

அப்பல்கலைக்கழகத்தின் மாணவர் சங்கமும், அதைச் சுற்றி இயங்கும் அரசியல் மாணவர் அமைப்புகளும், ஜாதி, மதம், மொழி, பால், பிரதேசம், உடற்குறை என்னும் வித்தியாசங்களைக் காட்டி எவரையும் வெளியே நிறுத்தலாகாது என்ற கொள்கையை அரை நூற்றாண்டாக உரக்கச் சொல்லி வந்திருக்கின்றன. சொன்னதோடு நில்லாமல் அதற்கென்று சில நடைமுறைகளையும் உண்டாக்கிக்கொண்டன. அவற்றைப் புகழ்வோர், இந்தியாவில் வேறெங்கும் இத்தகைய இளைஞர் ஜனநாயகம் கிடையாது என்கிறார்கள். இகழ்வோர், வெறும் கோஷமும் கூச்சலும் என்று தள்ளிவிடுகிறார்கள். என் மதிப்பீடு இரண்டிலும் சேராது. வெளியே நிற்பவரை உள்ளே அழைத்துவரும் போராட்டத்தில் இந்த அமைப்புகள் அரிய சாதனை புரிந்திருக்கின்றன. உள்ளே வந்தவரிடம் மேடையையும் தலைமையையும் ஒப்படைப்பதில் நெடுங்காலம் தயங்கி நின்றன. அதே மனிதர் முனிர்காவின் சந்துகளில் அறை தேடிப் போனபோது அவரோடு கூடப் போவதில் அநேகமாகத் தவறிவிட்டன. இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த மரபின் யோக்கியதை விளங்கும் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் சாதனையைச் சொல்ல வேண்டும். இந்தச் சங்கத்தின் தேர்தலை நிர்வாகம் நடத்துவதில்லை. மாணவர்களே தங்களுக்குள் அமைத்துக்கொள்ளும் தேர்தல் ஆணையம் வேட்புமனு வாங்குவதிலிருந்து வாக்கு எண்ணுவது வரை சகலத்தையும் ஏற்று நடத்துகிறது. அச்சடித்த பெரிய சுவரொட்டிக்கும் கார் ஊர்வலத்துக்கும் அங்கே மரியாதை இருந்ததில்லை. கையால் எழுதிய சுவரொட்டியும், ‘பர்ச்சா’ என்று வழங்கும் துண்டுப் பிரசுரமுமே பிரசார சாதனங்கள். இரவு உணவு வேளையில் விடுதியின் மெஸ்ஸுக்குள் வேட்பாளர் நுழைந்து, சப்பாத்தியும் பருப்புமாகத் தட்டின்முன் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து நின்றபடியே பேசுகிறார்; கேட்பவர் எழுந்து போகலாம், இடைமறித்துக் கேள்வி கேட்கலாம்; பேசி முடிந்ததும் அந்தப் பர்ச்சாவை மேஜை மேஜையாக வைத்துவிட்டு அடுத்த விடுதிக்கு நடக்கிறார். வாக்குப்பதிவுக்கு முன் தலைவர் பதவிக்குப் போட்டியிடுவோர் அனைவரும் ஒரே மேடையில் ஏறும் விவாதம் ஒன்று நடக்கும். டப்லி என்னும் பறையின் முழக்கமும் கோஷமுமாகக் கூட்டம் சூழ்ந்திருக்க, முதலில் ஒவ்வொருவரின் பிரசங்கம், பிறகு ஒருவரையொருவர் கேட்கும் கேள்வி, அதன்பின் சபையோரின் கேள்வி என்று நள்ளிரவையும் தாண்டி நீளும் அந்த விவாதத்தில், கையில் காசில்லாத, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி மிதித்த ஒருவர், அமைச்சர் மகனுக்கு இணையாக நின்று பேசி வென்றுவிட முடியும். பணபலமும் புஜபலமும் ஒருங்கே ஆட்சிசெய்யும் மாணவர் தேர்தல்கள் மலிந்த நாட்டில் இது சாமானியமான காரியமன்று.

உள்ளே வருவதற்கான வாயிலை அகலப்படுத்துவதற்கும் இந்த மாணவர்கள் போராடியிருக்கிறார்கள். பின்தங்கிய மாவட்டங்களிலிருந்து வருவோருக்கு நுழைவுத் தேர்வில் சில கூடுதல் புள்ளிகள் அளிக்கும் முறை 1970-களில் அங்கே உருவாயிற்று. 1983-இன் கடுமையான மாணவர் கிளர்ச்சிக்குப் பின் நிர்வாகம் அதை நிறுத்திவிட்டது. பத்தாண்டுக் காலம் ஓயாமல் கேட்டு, 1990-களின் நடுவில் மாணவர் சங்கம் அதை மீட்டுக்கொண்டது. அந்த முறையின் விசேஷம், ஜாதி ஒதுக்கீட்டுக்கு மேலாக, ஒருவர் எந்த மண்ணிலிருந்து வருகிறார் என்பதையும் கணக்கில் கொண்டதுதான். அவருடைய மாவட்டத்தில் எழுத்தறிந்த பெண்கள் எத்தனை பேர், விவசாயத்தை நம்பியோர் எத்தனை பேர், கிராமவாசிகள் எத்தனை பேர், கழிப்பறையில்லாத வீடுகள் எத்தனை என்று பார்த்து மாவட்டங்களைத் தரம் பிரித்தார்கள். எழுத்தறியாத தாயின் வயிற்றில் பிறந்து தெருவிளக்கில் படித்தவர் பெறும் ஐம்பது மதிப்பெண்ணும், தலைநகரின் ஆங்கிலப் பள்ளியில் படித்தவர் பெறும் ஐம்பது மதிப்பெண்ணும் ஒரே உழைப்பின் விளைவல்ல என்ற நியாயத்தைப் புள்ளிவிவரத்தின் பாஷையில் எழுதியதாக அது இருந்தது. ஒதுக்கீட்டையும் இந்தப் புள்ளிகளையும் குறைந்த கட்டணத்தையும் நம்பி வந்தவர்களால்தான், மாதம் 12,000 ரூபாய்க்குக் கீழ் வருமானமுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் மாணவரில் ஏறத்தாழ 40 சதவிகிதம் என்று பல்கலைக்கழகத்தின் ஆண்டறிக்கையே ஒரு காலத்தில் எழுதும் நிலை வந்தது. 2019-இன் கடைசியில், ஒருவர் தங்கும் அறையின் வாடகையை 20 ரூபாயிலிருந்து 600 ஆக உயர்த்த நிர்வாகம் முற்பட்டபோது மாணவர்கள் வீதிக்கு வந்ததன் காரணத்தை, இந்தக் கணக்கை அறியாதவர்கள் விளங்கிக்கொள்ள முடியாது.

புள்ளிமுறையிலும் குறையுண்டு. மாவட்டத்தை அளவாகக் கொண்டால், பின்தங்கிய மாவட்டத்து நிலச்சுவான்தாரின் மகனுக்குச் சலுகை கிடைத்துவிடும். சென்னையின் கூவம் கரையிலோ தில்லியின் குடிசைப் பகுதியிலோ வளர்ந்த பெண்ணுக்கு ஒரு புள்ளியும் கிட்டாது. இந்தக் கோணலைச் சீர்செய்து குடும்பத்தின் நிலையையும் சேர்த்தெண்ணும் யோசனையை மாணவர் அமைப்புகள் சிரத்தையோடு முன்வைத்திருக்கலாம். இருக்கும் முறையைக் காப்பதிலேயே அவற்றின் சக்தி செலவாகிவிட்டது. 2017-இல் எம்.ஃபில்., பி.எச்டி. சேர்க்கையில் அந்தப் புள்ளிகள் மறைந்தன. அதே ஆண்டு, ஆயிரத்துக்கு மேலிருந்த அந்த ஆராய்ச்சி இடங்கள் 194 ஆகச் சுருங்கின.

இன்னொரு நடைமுறையையும் இங்கே நினைவுகூர்வது தகும். 1997-இல் விசாகா வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த இரண்டே ஆண்டுகளில், பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க ஜிஎஸ்கேஷ் என்ற குழு இங்கே அமைந்தது. அதன் பெருமை, மாணவர், ஆசிரியர், ஊழியர் ஆகியோரின் பிரதிநிதிகள் தேர்தலின் மூலம் அதில் அமர்ந்தது. புகார் கொடுக்கும் பெண், தன்னை மதிப்பிடப் போகிறவர்களில் தானே வாக்களித்துத் தேர்ந்த ஒருவரும் இருக்கிறார் என்ற தைரியத்தோடு கதவைத் தட்ட முடிந்தது. ஆயினும் தேர்தல் என்று வந்துவிட்டால் கட்சியும் கூடவே வந்துவிடுகிறது. தன் அமைப்பைச் சேர்ந்தவர்மேல் புகார் எழும்போது, அவ்வமைப்பின் ஆதரவில் வென்ற பிரதிநிதி எவ்வளவு நேர்மையாளராக இருந்தாலும், புகார் கொடுத்தவரின் மனத்தில் ஐயம் தோன்றாமல் இராது; பெண் விடுதலையை மேடைதோறும் முழங்கும் அமைப்புகளும் தம்மவர்மேல் வந்த புகாரில் தடுமாறியதுண்டு. இக்குறை திருத்தத்தக்கது. திருத்துவதற்குப் பதிலாக, 2017 செப்டம்பரில் நிர்வாகம் அக்குழுவையே கலைத்து, உள்விசாரணைக் குழு ஒன்றை அதனிடத்தில் வைத்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவின் பட்சபாதத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள், நியமிக்கப்பட்ட குழுவின் பட்சபாதத்தைப் பற்றியும் அதே அளவு கவலைப்பட்டிருக்க வேண்டும்.

இனி மேடைக்கு வருவோம். மாணவர் சங்கத்தின் மைய நிர்வாகத்தில் தலைவர், துணைத்தலைவர், பொதுச்செயலாளர், இணைச்செயலாளர் என்று நான்கு பொறுப்புகள். கல்வி நிலையங்களில் ஒதுக்கீடு வேண்டும் என்று வீதியில் நின்று போராடிய இந்தச் சங்கம், தன் நான்கு நாற்காலிகளில் ஒன்றையும் எவருக்கும் ஒதுக்கி வைத்ததில்லை. 1996-இல் பத்திலால் பைர்வா தலைவரானார். அவருக்குப் பின் மற்றொரு தலித் மாணவர் அந்தப் பொறுப்பில் அமர்வதற்கு, 2024 மார்ச்சில் ஐசா என்னும் இடதுசாரி மாணவர் அமைப்பின் தனஞ்ஜய் வெல்லும் வரை, ஏறக்குறைய மூன்று தசாப்தங்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. இடைப்பட்ட காலத்தில் தலைவர்களை அதிகமாகத் தந்தவை, ஜாதி ஒழிப்பையும் வர்க்க விடுதலையையும் தம் வேலைத்திட்டத்தில் எழுதிவைத்திருந்த இடதுசாரி அமைப்புகளே. மனம் வேண்டுமென்றே மூடப்பட்டிருந்தது என்று நான் குற்றஞ்சாட்ட வரவில்லை. நன்றாகப் பேசத் தெரிந்தவர், நூல்களை மேற்கோள் காட்டத் தெரிந்தவர், ஆங்கிலமும் இந்தியும் சரளமாக மாற்றி மாற்றிப் பேசத் தெரிந்தவர் என்று பார்த்துப் பார்த்துத் தலைமைக்கு ஆள் பொறுக்கும்போது, பொறுக்குகிற கைக்குத் தெரியாமலேயே மேல்ஜாதி வீட்டுப் பிள்ளைகள் முன்னே வந்துவிடுகிறார்கள். சுவரொட்டி எழுதவும் ஊர்வலத்தில் நடக்கவும் தலித் மாணவர், கொள்கை விளக்கவும் பத்திரிகைக்குப் பேட்டி கொடுக்கவும் வேறொருவர் என்ற பிரிவினை எவரும் தீர்மானம் போட்டு உண்டாக்கியதல்ல; ஆனாலும் அனுபவித்தவர்களுக்கு அது தெளிவாகத் தெரிந்தே இருந்தது.

2014 நவம்பரில் பாப்சா என்னும் பிர்சா அம்பேத்கர் பூலே மாணவர் சங்கம் தோன்றியதன் தாத்பரியம் இதுவே. தலித், பழங்குடி, பிற்பட்ட வகுப்பு, சிறுபான்மையினர் ஆகியோரின் அரசியலை அவர்களே பேச வேண்டும் என்ற கோரிக்கையோடு எழுந்த அந்த அமைப்பு, இரண்டே ஆண்டுகளில், 2016 தேர்தலில், தலைவர் பதவிக்கு நிறுத்திய ராகுல் சோன்பிம்ப்ளேவுக்கு 1,545 வாக்குகள் பெற்று இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டது. அது வாக்குகளைப் பிரித்து வலதுசாரிகளுக்கு வழிவிடுகிறது என்று இடதுசாரி அமைப்புகள் குறை சொல்லின. எங்கள் வாக்கு உங்கள் குடும்பச் சொத்தா என்ற பாவனையில் மறுதரப்பு பதிலிறுத்தது. இந்த வாதத்தில் நான் புதியவர்கள் பக்கமே சாய்கிறேன். ஒரு ஸ்தாபனத்துக்குள் முப்பது ஆண்டுகளாகத் திருந்தாத வழக்கத்தைத் திருத்துவதற்கு, வெளியே நின்று போட்டியிடுவதைவிட நாகரிகமான வழி வேறில்லை. 2024-இல் நடந்தது இந்த எண்ணத்தை உறுதிப்படுத்துகிறது. பொதுச்செயலாளர் பதவிக்கு இடதுசாரிக் கூட்டணி நிறுத்திய வேட்பாளரின் மனு வாக்குப்பதிவுக்குச் சற்று முன்பாக ரத்துசெய்யப்படவே, கூட்டணி தன் வாக்குகளைப் பாப்சாவின் பிரியான்ஷி ஆர்யாவுக்கு அளிக்கும்படி வேண்டிக்கொண்டது, அவர் வென்றார், மைய நிர்வாகத்தில் அந்த அமைப்பு பெற்ற முதல் வெற்றி அது. நெருக்கடியில் செய்ய முடிந்த அந்தப் பகிர்வை, நெருக்கடி இல்லாத காலத்தில் ஏன் செய்யவில்லை என்ற கேள்வி மாத்திரம் எஞ்சுகிறது.

மொழியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன், ஏனெனில் இது நம்மைத் தொடும் விஷயம். மேடையின் மொழிகள் இந்தியும் ஆங்கிலமும். பீகாரின் கிராமத்திலிருந்து வந்தவருக்கு ஆங்கிலம் எட்டாவிட்டாலும் இந்தி கைகொடுக்கிறது. தில்லிப் பையனுக்கு இரண்டும் வரும். அரசுப் பள்ளியில் தமிழ்வழிப் படித்து, மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, நுழைவுத் தேர்வுக்கென்று ஆங்கிலத்தை நெட்டுருப் போட்டு வந்து சேர்ந்த தமிழ் மாணவருக்கோ முதல் இரண்டு ஆண்டுகள் இரண்டு மொழிகளும் அந்நியமே. பொதுக்குழுக் கூட்டத்தில் இந்தியில் ஒரு நகைச்சுவை சொல்லப்பட்டுச் சபை முழுவதும் சிரிக்கும்போது, பக்கத்திலிருப்பவரின் முகத்தைப் பார்த்துத் தாமும் அரைச்சிரிப்பு சிரிக்க வேண்டியிருக்கிற அந்தக் கணம், ஒருவர் உள்ளே இருந்தும் வெளியே நிற்கும் கணம். இந்தி ஏகாதிபத்தியத்தைப் பற்றி இடதுசாரி அமைப்பினர் எழுதிய கட்டுரைகள் இருக்கலாம். கூட்டம் முடிந்தவுடன் தீர்மானத்தின் சாரத்தை நாலு மொழிகளில் ஒரு தாளில் எழுதி ஒட்டும் எளிய ஏற்பாடு வழக்கமாக வேரூன்றவில்லை. மணிப்பூரியும் மலையாளியும் தமிழரும் தத்தம் மொழிக்காரர் வட்டத்துக்குள் ஒதுங்கிப்போவதைப் பார்த்து, இவர்களுக்குப் பொது அரசியலில் அக்கறையில்லை என்று தீர்ப்புச் சொல்லுவது, கதவைச் சாத்திவிட்டு விருந்தாளி வரவில்லை என்று வருந்துவதாகும்.

சேலத்தைச் சேர்ந்த ஜெ. முத்துகிருஷ்ணனை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. ஏழைத் தலித் குடும்பத்தில் பிறந்து, ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் பயின்று, அங்கே ஆராய்ச்சி மாணவராயிருந்த ரோஹித் வெமுலாவின் மரணத்துக்கு நியாயம் கேட்டவர்களோடு நின்று, பலமுறை முயன்று நேரு பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறையில் ஆராய்ச்சி மாணவராக இடம்பெற்ற அவர், 2017 மார்ச் 13 அன்று முனிர்காவில் ஒரு நண்பரின் வீட்டில் இறந்து காணப்பட்டார். ஒரு மனிதரின் மரணத்துக்கு இன்னதுதான் காரணம் என்று ஒற்றை வாக்கியத்தில் எழுத எவருக்கும் உரிமையில்லை, நானும் எழுதவில்லை. ஆனால் அதற்குச் சில நாட்களுக்கு முன், ஆராய்ச்சிச் சேர்க்கையிலும் நேர்முகத் தேர்விலும் சமத்துவம் இல்லை என்று அவர் தம் முகநூலில் எழுதியிருந்தார். அந்த வருத்தம் தனி ஒருவரின் கற்பனையன்று. பேராசிரியர் அப்துல் நஃபே தலைமையிலான குழு 2016-இல் மதிப்பெண்களை ஆராய்ந்து, எழுத்துத் தேர்வுக்கும் நேர்முகத் தேர்வுக்கும் இடையில் ஒதுக்கீட்டு மாணவர் தொடர்ந்து பின்தள்ளப்படுவதைக் கண்டு, நேர்முகத்தின் மதிப்பெண்ணை 30-லிருந்து 15 ஆகக் குறைக்கச் சொல்லியிருந்தது. முகத்தைப் பார்த்து, பேச்சின் தொனியைக் கேட்டு, தந்தையின் தொழிலை விசாரித்து இடப்படும் மதிப்பெண்ணில் பட்சபாதம் புகுந்துகொள்ளும் என்பதை ஒரு மாணவர் சொன்னால் புலம்பல் என்பார்கள், குழு சொன்னாலாவது கேட்டிருக்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016-ஆம் ஆண்டு விதிகளோ, எழுத்துத் தேர்வை வெறும் தகுதித் தேர்வாக்கி, முடிவை முழுவதும் நேர்முகத்தின் கையில் ஒப்படைத்தன.

அடையாளத்தின் பேரில் அமையும் இளைஞர் சங்கங்களுக்கு எதிராகச் சொல்லப்படும் வாதத்தையும் நியாயமாக எடைபோட வேண்டும். தில்லியில் நாகர், மணிப்பூரியர், மிஜோக்கள், குக்கிகள், அருணாசலத்தார் ஆகியோருக்குத் தனித்தனி மாணவர் சங்கங்கள் உண்டு. புதிதாக ரயிலிறங்கும் பெண்ணுக்கு அறை பார்த்துக் கொடுப்பதும், காவல் நிலையத்தில் புகார் எடுக்க மறுத்தால் கூட்டமாகச் சென்று நிற்பதும், இறந்தவரின் உடலை ஊருக்கு அனுப்பிவைப்பதும் இவைதாம். கொள்கைப் பெரும் அமைப்புகள் இந்தச் சில்லறைக் காரியங்களைச் செய்ததாகப் பெரிதாகச் சொல்ல முடியாது. மறுபக்கத்தில், இன அடையாளமே ஒரு சங்கத்தின் மூச்சாகிவிட்டால், ஊரில் பகை மூளும்போது தில்லியிலும் மூளுகிறது. 2023 மே மாதத்தில் மணிப்பூர் பற்றியெரிந்தபோது, அதுவரை ஒரே சந்தில் ஒரே கடையில் சாமான் வாங்கிய மெய்தெய், குக்கி மாணவர்கள் ஒருவரையொருவர் கண்டு அஞ்சி விலக நேர்ந்தது. பெயரளவில் பொதுவானதாக இருந்துவிட்டால் மட்டும் சமத்துவம் வந்துவிடும் என்பதுமில்லை. 2006-இல் பிற்பட்ட வகுப்பினரின் ஒதுக்கீட்டை எதிர்த்துத் தில்லியின் உயர்கல்வி நிலையங்களில் கிளம்பிய மாணவர் அமைப்பு சமத்துவத்துக்கான இளைஞர் என்ற பொருள்படத் தனக்குப் பெயர் சூட்டிக்கொண்டது. அக்கிளர்ச்சியின் மையமாயிருந்த எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியிலோ, பட்டியலின மாணவர்கள் விடுதியின் ஒருசில மேல்மாடிகளில் ஒதுங்கிக் கிடக்கவும், மெஸ்ஸிலும் விளையாட்டிலும் தனித்து நிற்கவும் நேர்ந்திருந்ததை, பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையிலான குழு 2007-இல் எழுத்தில் பதிவுசெய்தது.

மாணவர் தேர்தல்களை ஒழுங்குபடுத்த அமைந்த லிங்டோ குழுவின் சிபாரிசுகளை இங்கே சுருக்கமாகத் தொட்டுச் செல்கிறேன். 2006-இல் உச்சநீதிமன்றம் ஏற்ற அவ்விதிகள், வேட்பாளர் செலவை 5,000 ரூபாயோடு நிறுத்தியது நன்றே; ஆராய்ச்சி மாணவர் போட்டியிடும் வயதை 28-இல் நிறுத்தியது நன்றன்று. இடையில் குடும்பத்துக்காக வேலை பார்த்துவிட்டு வந்தவர், மணமாகிக் குழந்தை பெற்றபின் வந்தவர், கண்பார்வையற்று எழுத்துதவியாளர் தேடி ஆண்டுகளை இழந்தவர் ஆகியோரையே அந்த வயதெல்லை முதலில் கழித்துக்கட்டும். விதிகளை மீறியதாக 2008-இல் இந்தச் சங்கத்தின் தேர்தலுக்குத் தடை விழுந்து, 2012 வரை தேர்தலின்றிப் போனது; நீதிமன்றம் ஆராய்ச்சி மாணவர் வயதை 30 ஆகத் தளர்த்திய பின்னரே மீண்டும் வாக்குப்பெட்டி வந்தது. மாணவர்கள் அப்போது விட்டுக்கொடுக்காமல் நின்றது சரியே. அடுத்த ஆண்டே, 2013-இல், தன்பாலின ஈர்ப்பை ஒளிக்காமல் அறிவித்த ஒருவர் அந்தத் தேர்தலில் வேட்பாளராக நின்று, மெஸ் மெஸ்ஸாகப் போய்ப் பேச முடிந்ததையும் இந்த மரபின் பெருமைக் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்த ஆண்டு டிசம்பரிலேயே, உச்சநீதிமன்றத் தீர்ப்பால், நாட்டின் சட்டப்புத்தகம் அவரை மீண்டும் குற்றவாளியாகப் பார்க்கத் தொடங்கிற்று.

ஆனால் வடக்கு வாயிலைக் கடந்து முனிர்காவுக்குள் நுழைந்தால் நிலைமை முற்றும் வேறு. விடுதியில் இடம் கிடைக்காதவர்களும், படிப்பு முடிந்து வேலை தேடுகிறவர்களும் அங்கேதான் ஒதுங்குகிறார்கள். டூ-லெட் பலகையைப் பார்த்து மாடியேறினால், வீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி வாடகையைப் பற்றியதன்று. ஊர் எது, பெயர் என்ன, முழுப்பெயர் என்ன, மாமிசம் சமைப்பதுண்டா, பெண்ணானால் யார் யார் வந்துபோவார்கள் என்பவையே. பெயர் முஸ்லிம் பெயரென்றால் அறை அப்போதுதான் வேறொருவருக்குப் பேசி முடிந்திருக்கும். பல்கலைக்கழகத்துப் பெண்கள் விடுதிகளில் நெடுங்காலம் இரவுக் கட்டுப்பாடு கிடையாது. சாலையைக் கடந்த மாத்திரத்தில், இரவு பதினொரு மணிக்கு வெளிக்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளும் வீட்டுக்காரரின் சட்டம் ஆரம்பமாகிவிடுகிறது.

2007-இல் தில்லி காவல்துறை, வடகிழக்கிலிருந்து வரும் மாணவர்களின் பாதுகாப்புக்கென்று ஒரு கையேடு வெளியிட்டது. மூங்கில் குருத்து, அகூனி முதலிய வாசனை மிகுந்த பதார்த்தங்களை அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவில்லாமல் சமைக்க வேண்டும், உடையில் அடக்கம் வேண்டும் என்ற ரீதியில் அதில் போதனைகள் இருந்தன. அடிபடுகிறவரே திருந்த வேண்டும் என்ற எண்ணம் எவ்வளவு ஆழமாக வேரோடியிருந்தது என்பதற்கு அரசாங்கமே அச்சிட்டுக் கொடுத்த அத்தாட்சி அது. 2014 ஜனவரியின் இறுதியில் அருணாசல இளைஞர் நிதோ தானியம், லஜ்பத் நகர்க் கடையொன்றில் தம் தலைமுடியைக் கேலி செய்ததைத் தட்டிக்கேட்டு, அடிக்கப்பட்டு மாண்டார். அடுத்த மாதமே முனிர்காவில் மணிப்பூர்ச் சிறுமி ஒருத்தி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். அதையொட்டி மாணவர்கள் கிளர்ந்தபோது, வடகிழக்கினரை வீடுகளிலிருந்து வெளியேற்றுவதைப் பற்றி ஊர்க்காரர்கள் கூடிப் பேசியதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. எம்.பி. பெஸ்பரூவா தலைமையில் மத்திய அரசு நியமித்த குழு, அந்த ஆண்டு ஜூலையில் அறிக்கை தந்து, இனத்தை இழிவுபடுத்தும் சொல்லையும் செயலையும் தண்டிக்கத் தனிச் சட்டப்பிரிவு வேண்டும் என்றது.

அந்த நாட்களில் மாணவர் சங்கம் சும்மாயிருக்கவில்லை. ஊர்வலம் போயிற்று, காவல் நிலையத்தை முற்றுகையிட்டது, பர்ச்சா எழுதிற்று. 2012 டிசம்பர் 16 அன்று முனிர்கா பஸ் நிறுத்தத்தில் ஏறிய இளம்பெண்ணுக்கு நேர்ந்த கொடுமைக்காகவும் முதலில் சாலைக்கு வந்தவர்களில் இந்த மாணவர்கள் உண்டு. என் குறை ஊர்வலத்துக்கு மறுநாளைப் பற்றியது. கோஷம் அடங்கிய பின் அதே வீட்டுக்காரரிடம் அதே மாணவி வாடகை கொடுக்கப் போக வேண்டும். அப்போது அவளுக்குப் பின்னால் எந்த ஸ்தாபனமும் இல்லை. வீட்டுக்காரர்களை ஜாதிவெறியர், பிற்போக்காளர் என்று பட்டியலிட்டுவிட்டு ஒதுங்குவதும் எனக்குச் சம்மதமில்லை. நிலத்தைப் பறிகொடுத்து, பக்கத்தில் எழுந்த பெரும் பல்கலைக்கழகத்தில் தம் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்காமல், அங்கே படிப்பவர்களுக்கு அறை வாடகைக்கு விட்டே காலந்தள்ளும் அந்தக் குடும்பத்துப் பையன்களோடும் இந்த மாணவர்கள் ஐம்பது ஆண்டுகளில் ஒரு பொது வாசகசாலையோ ஒரு மாலைப் பள்ளியோ நிலையாக நடத்தி உறவு கொண்டாடவில்லை. கியூபாவைப் பற்றியும் பாலஸ்தீனத்தைப் பற்றியும் விடிய விடியப் பேசியவர்களுக்கு, கூப்பிடு தூரத்து ஊரின் இளைஞர் கண்ணில் படவில்லை.

இதையெல்லாம் படிக்கும் தமிழ்நாட்டு வாசகர், தில்லியின் குறையை நாம் ஏன் எண்ண வேண்டும் என்று கேட்கலாம். நம் கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் அந்தக் குறை தோன்றுவதற்கு வேண்டிய தேர்தலே இல்லை. மாணவர் பேரவையை மூடிவிட்டால் ஜாதியும் அடங்கிவிடும் என்று நம் நிர்வாகங்கள் நம்பின. அது கைக்கயிற்றின் நிறமாகவும் பைக்கின் ஸ்டிக்கராகவும் ஊர்த்திருவிழாவின் பனியனாகவும் பள்ளிக்குள்ளேயே நுழைந்துவிட்டது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் அவருடைய தங்கையையும் உடன்படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில், அந்தக் கயிறுகளைத் தடைசெய்வதோடு, எல்லா ஜாதிப் பிள்ளைகளும் சேர்ந்த சமூகநீதி மாணவர் படை ஒன்றையும் யோசனையாகச் சொல்லிற்று. தடையால் கயிறு கழலும். கூடியிருந்து ஒரு பொதுக்காரியத்தைத் தாமே நடத்தும் பழக்கம் வந்தால்தான் அதைக் கட்டும் ஆசை கழலும் என்பதால், அந்த இரண்டாவது யோசனையையே நான் பெரிதாக மதிக்கிறேன். முனிர்காவுக்கு அருகே உள்ள மாணவர்கள் அந்தப் பழக்கத்தைத்தான் அரை நூற்றாண்டாக, குறைகளோடு சேர்த்து, காப்பாற்றி வந்திருக்கிறார்கள்.

ஆகவே நான் கேட்பது அந்த மரபு ஒழிய வேண்டும் என்றன்று. அது இன்னும் இரண்டு காரியங்களுக்குத் துணிய வேண்டும் என்பதே. மைய நிர்வாகத்தின் நான்கு பொறுப்புகளில் ஒன்றையேனும் சுழற்சி முறையில் தலித், பழங்குடி மாணவருக்கும், ஒன்றைப் பெண்ணுக்கும் சங்கத்தின் விதியிலேயே எழுதிவைக்கலாம். கூட்டணிப் பேரத்துக்கு அது கட்டுப்படாது, வேட்பாளரின் தயவுக்கும் காத்திராது. மற்றொன்று, சங்கத்தின் கவுன்சிலர்களில் சிலருக்கு முனிர்கா, பேர் சராய், கட்வாரியா சராய் என்று வெளியே குடியிருப்போரின் பொறுப்பை ஒப்படைப்பது. வாடகை ஒப்பந்தம் எழுத உடனிருப்பது, முன்பணத்தைத் திருப்பித் தராத வீட்டுக்காரரிடம் கூடப் போய்ப் பேசுவது, மின்கட்டணத்தை யூனிட்டுக்கு இவ்வளவு என்று மனம்போல் வசூலிப்பதைக் குறித்துவைப்பது, பெயரைக் கேட்டுவிட்டு அறை மறுத்தவர்களின் விவரத்தைத் தேதியோடு ஏட்டில் பதிவது, அந்த ஏட்டை ஊர்ப் பெரியவர்களின் முன்னும் நானக்புராவில் வடகிழக்கினருக்கென்று இயங்கும் காவல் பிரிவின் முன்னும் ஆண்டுக்கு ஒருமுறையாவது வைத்துப் பேசுவது ஆகியவை அவர்களுடைய வேலையாக இருக்கட்டும். தலைவர் பதவி விவாதத்தில் வேட்பாளரைப் பார்த்து, சென்ற ஆண்டு அந்த ஏட்டில் எத்தனை பெயர்கள் ஏறின, எத்தனை பேருக்கு அறை கிடைத்தது என்று சபையிலிருந்து ஒருவர் தமிழில் கேட்கவும், அதை இன்னொருவர் மொழிபெயர்த்துச் சொல்லவும் இடமிருக்க வேண்டும்.